என் ரத்தத்தில் இரண்டு குன்றுகள்

"ஆ காட்டு கண்ணா" என்று சொல்லிவிட்டு அந்த டாக்டர் என் மகனின் தொண்டைக்குள் டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். மூன்றரை வயதுக்குள் அவன் பார்க்காத டார்ச் இல்லை. கடலூரில் நாங்கள் ஏறி இறங்கிய இடங்களில் எல்லாம் தொண்டையைப் பார்ப்பார்கள், சிவந்திருக்கிறது என்பார்கள், ஆன்டிபயாடிக் எழுதித் தருவார்கள். அன்று புதுச்சேரியில் இவர் எதையோ தேடிக் கிடைக்காதவரைப் போல நாக்கை அழுத்தும் குச்சியை இரண்டு முறை இடம் மாற்றி வைத்தார். பிறகு கழுத்திலும் அக்குளிலும் தொடை இடுக்கிலும் விரல்களால் தடவினார். பக்கத்தில் நின்ற பயிற்சி மருத்துவர்களை அழைத்து, "இத்தனை தடவை காதும் தொண்டையும் பழுத்த பிள்ளைக்கு டான்சில் எங்கே இருக்கிறது, காட்டுங்கள்" என்றார்.

அவர்களும் எட்டிப் பார்த்தார்கள். டான்சில் இருக்க வேண்டிய இடம் வழுவழுவென்று வெறுமையாக இருந்தது.

டான்சில் வீங்கியிருக்கிறதா என்று பார்க்கத்தான் எல்லோரும் பழகியிருக்கிறோம். அது இல்லாமல் இருப்பதும் ஒரு செய்தி என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. டான்சிலின் பெரும்பகுதி பி செல்கள் என்ற ஒரு வகை வெள்ளணுக்களால் ஆனது. கிருமிகளை அடக்கும் எதிர்ப்பொருள் என்ற புரதத்தைத் தயாரிப்பவை அந்தச் செல்கள்தான். பி செல்லே உடம்பில் உருவாகவில்லை என்றால் டான்சிலும் வளராது, கழுத்தில் நெறியும் கட்டாது.

நான் கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் தையல் கடை வைத்திருக்கிறேன். கல்லூரியில் விலங்கியல் படித்தவள். அந்தப் படிப்பு வாழ்க்கையில் இப்படி ஒரு நாள் தேவைப்படும் என்று நினைத்ததில்லை. பி செல் உருவாகாத இந்தப் பிறவி நோயோடு பிள்ளை வளர்க்கும் வேறொரு தாய் இதைப் படிக்கக்கூடும் என்பதால் தெரிந்ததை எல்லாம் எழுதுகிறேன்.

மகன் ஆறு மாதம் வரை கொழுகொழுவென்று இருந்தான். ஏழாவது மாதத்தில் காதில் சீழ் வந்தது. அதன்பிறகு நின்றபாடில்லை. ஒன்றரை வயதில் நிமோனியா, அதே ஆண்டில் மறுபடியும் நிமோனியா, இரண்டரை வயதில் முழங்கால் வீங்கி நடக்க முடியாமல் படுத்துவிட்டான். ஆறு மாதம் வரை அவனைக் காத்தது நான் கருப்பையில் கொடுத்தனுப்பிய எதிர்ப்பொருள். அது தீர்ந்ததும் அவனிடம் சொந்தமாக எதுவும் இல்லை. பிறந்து ஆறேழு மாதத்தில் தொடங்கி ஓயாமல் பாக்டீரியா தொற்று வரும் ஆண் குழந்தை என்றால் இந்தக் கோணத்தில் ஒருமுறை யோசிக்கச் சொல்லி டாக்டரிடம் கேளுங்கள். ஒரே ஆண்டில் இரண்டு நிமோனியா என்பது சாதாரண விஷயம் இல்லை.

இரண்டு ஆண்டு ரத்தப் பரிசோதனைகளில் எப்படித் தெரியாமல் போனது? வெள்ளணுக்களில் லிம்போசைட் எண்ணிக்கை ஒவ்வொரு முறையும் இயல்பாகவே இருந்தது. பி செல்களும் லிம்போசைட்டுகள்தான், ஆனால் லிம்போசைட்டுகளில் பெரும்பங்கு டி செல்கள் என்ற இன்னொரு வகை. பி செல் ஒன்றுகூட இல்லாவிட்டாலும் மொத்த எண்ணிக்கை பெரிதாகக் குறையாது. ஆனால் வீட்டுக்கு வந்து பழைய கோப்பைப் புரட்டியபோது, மஞ்சள் காமாலை என்று சந்தேகப்பட்டு எடுத்த கல்லீரல் பரிசோதனைத் தாள் ஒன்று கிடைத்தது. மொத்தப் புரதம் 5.3, ஆல்புமின் 4.1, குளோபுலின் 1.2. மூன்றாவது எண்ணுக்குப் பக்கத்தில் குறைவு என்று சின்னதாக அம்புக்குறி அச்சாகியிருந்தது. எதிர்ப்பொருள்கள் எல்லாம் அந்தக் குளோபுலின் கணக்கில்தான் வரும். ஒன்றரை ஆண்டாக அந்த அம்புக்குறி எங்கள் பீரோவுக்குள் இருந்திருக்கிறது. குழந்தைக்கு அடிக்கடி தொற்று வந்தால் வீட்டிலுள்ள பழைய தாள்களில் இந்த ஒரு வரியைத் தேடிப் பாருங்கள். குறைவாக இருந்தால் எதிர்ப்பொருள் வகைகளான இம்யூனோகுளோபுலின் ஜி, ஏ, எம் அளவுகளைப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

மகனுக்கு அந்த அளவுகளைப் பார்த்ததில் மூன்றுமே தரைமட்டம். அடுத்து செல்களை வகை பிரித்து எண்ணும் ஃப்ளோ சைட்டோமெட்ரி செய்ததில் பி செல் ஒரு சதவீதம்கூட இல்லை. மரபணுப் பரிசோதனையில் பி.டி.கே. என்ற மரபணுவில் பிழை உறுதியானது. நோயின் பெயர் எக்ஸ்-லிங்க்டு அகாமாகுளோபுலினீமியா. 1952-இல் ஆக்டன் புரூட்டன் என்ற அமெரிக்க ராணுவ மருத்துவர், ஓயாமல் தொற்று வந்துகொண்டிருந்த எட்டு வயதுச் சிறுவனின் ரத்தத்தில் எதிர்ப்பொருள்கள் அடங்கிய காமா குளோபுலின் அறவே இல்லை என்று கண்டு, அதை ஊசியாகக் கொடுத்துத் தொற்றைக் கட்டுப்படுத்தினார். அதற்குக் காரணமான மரபணு 1993-இல்தான் கிடைத்தது. அதன் பெயரிலுள்ள பி அவரைக் குறிக்கிறது.

"என்ன குறை டாக்டர், ரத்தம் ஊறவில்லையா?" என்று என் கணவர் கேட்டார். அந்தக் கேள்விக்கு டாக்டர் சொன்ன பதிலை வீட்டுக்கு வந்து என் தொழிலில் வைத்துத்தான் புரிந்துகொண்டேன்.

உடம்பில் கிட்டத்தட்ட எல்லாச் செல்லிலும் இருப்பது ஒரே மரபணுத் தொகுப்பு. எந்த மரபணு எப்போது திறக்கிறது, எது மூடுகிறது என்பதில்தான் ஒரு செல் தோலாவதும் ரத்தமாவதும் இருக்கிறது. எலும்பு மஜ்ஜையிலுள்ள தாய்ச்செல் பி செல்லாக மாறும் வழியில் படிக்குப் படி ஒரு காவல்காரப் புரதம் நிற்கிறது. ஈ.பி.எஃப். 1 என்ற புரதம் பி செல்லுக்கான மரபணுக்களைத் திறக்கத் தொடங்குகிறது. அடுத்து வரும் பாக்ஸ் 5, பி செல்லுக்கு வேண்டிய மரபணுக்களைத் திறப்பதோடு நிற்காமல், மற்ற வகைச் செல்லாக மாறும் வழிகளைப் பூட்டியும் வைக்கிறது. பாக்ஸ் 5 இல்லாத எலிகளின் இளம் பி செல்கள் டி செல்லாகவும் வேறு செல்களாகவும் மாறிவிடக்கூடியவை என்று 1999-இல் வியன்னாவில் கண்டறிந்தார்கள். நான் படித்ததில் என் மனத்தை மிகவும் பிடித்துக்கொண்டது இதுதான். ஒன்றாக ஆவதற்கு மற்றவையாக ஆகாமல் இருக்கவும் ஓர் ஏற்பாடு வேண்டியிருக்கிறது.

இந்தப் படிகள் என் மகனுக்குச் சரியாகவே நடக்கின்றன. அதற்கடுத்த படியில்தான் வேலை நிற்கிறது.

கல்யாண ரவிக்கை தைக்கும்போது பட்டில் எடுத்ததும் எல்லாவற்றையும் வெட்டிவிட மாட்டேன். உடல் பகுதியை வெட்டி இணைத்துவிட்டு, கைக்கு மட்டும் காடாத் துணியில் ஒன்றை வெட்டி, ஓட்டுத்தையல் போட்டு, மணப்பெண்ணுக்கு மாட்டிப் பார்ப்பேன். தோள் சரியாக உட்கார்ந்து, "சரியாக இருக்கிறது அக்கா" என்று அந்தப் பெண் சொன்ன பிறகுதான் காடாவைப் பிரித்துவிட்டுப் பட்டில் கை வெட்டுவேன். இளம் பி செல்லும் இப்படித்தான் செய்கிறது. எதிர்ப்பொருள் மூலக்கூறில் பெரிய சங்கிலி, சிறிய சங்கிலி என்று இரண்டு பகுதிகள். ரேக் 1, ரேக் 2 என்ற புரதங்கள் கத்தரிக்கோல்போல மரபணுத் துண்டுகளை வெட்ட, அவை புதிய வரிசையில் ஒட்டப்பட்டு முதலில் பெரிய சங்கிலி தயாராகிறது. எதிர்ப்பொருள் மரபணுக்கள் இப்படித் துண்டுகளாக இருந்து இடம் மாறிச் சேர்கின்றன என்று 1976-இல் காட்டிய சுசுமு டோனெகாவாவுக்கு 1987-இல் நோபல் பரிசு கிடைத்தது. பெரிய சங்கிலி தயாரானதும், அசல் சிறிய சங்கிலிக்குப் பதிலாக ஒரு மாற்றுச் சங்கிலியை, என்னுடைய காடாக் கையைப் போல, சேர்த்துச் செல்லின் மேல்பரப்பில் மாட்டிப் பார்க்கிறது. பொருந்தினால் "சரி" என்ற செய்தி உள்ளே போகிறது. செய்தி கிடைத்ததும் அந்தச் செல் பலவாகப் பெருகி, கத்தரிக்கோலை மறுபடி எடுத்துச் சிறிய சங்கிலிக்கான மரபணுவை வெட்டத் தொடங்குகிறது.

அந்தச் "சரி"யை உள்ளே கொண்டுபோகும் ஆள்தான் பி.டி.கே. என் மகனிடம் அந்த ஆள் இல்லை. ரவிக்கை பொருந்துகிறது, ஆனால் யாரும் வந்து சொல்லவில்லை. அடுத்த கட்டத்துக்கான மரபணுக்கள் திறக்கவில்லை. செல் மஜ்ஜையிலேயே மடிந்துவிடுகிறது. சில வகை ரத்தப் புற்றுநோய்களில் அளவு மீறிப் பெருகும் பி செல்களை அடக்க, இதே பி.டி.கே. புரதத்தைத் தடுக்கும் மாத்திரையை இப்போது கொடுக்கிறார்கள். என் பிள்ளைக்குக் கிடைக்காத ஒன்றை இன்னொருவருக்கு வேண்டுமென்றே தடுத்து உயிரைக் காப்பாற்றுகிறார்கள் என்று படித்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

வளர்ச்சி எந்த இடத்தில் நின்றது என்று தெரிந்துகொள்வது வெறும் ஆர்வத்துக்காக இல்லை. டி செல்களின் பாதையில் பி.டி.கே.வுக்கு வேலை இல்லை. அதனால் மகனுக்கு டி செல்கள் நன்றாக இருக்கின்றன, பெரும்பாலான வைரஸ் காய்ச்சலை அவன் தானே சமாளிக்கிறான். எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை வேண்டுமா என்று நாங்கள் பயந்து கேட்டதற்கு, இந்த நோய்க்கு வழக்கமாக அது தேவைப்படுவதில்லை, இல்லாத எதிர்ப்பொருளை வெளியிலிருந்து தொடர்ந்து கொடுத்தால் போதும் என்றார் டாக்டர். இதுவே டி செல்லும் உருவாகாத நோயாக இருந்திருந்தால் எல்லாமே வேறு. ஆகவே "எதிர்ப்புச் சக்தி குறைவு" என்று பொதுவாகச் சொன்னால் அதோடு விட்டுவிடாதீர்கள். எந்தச் செல், எந்த மரபணு என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும் என்று சொல்லி எங்களுக்குக் கிடைத்த லேகியமும் சூரணமும் கொஞ்சமா? எல்லாம் அன்பால் கொடுத்தவை. ஆனால் மூடியிருக்கும் அந்தப் படியைத் திறக்கக்கூடியது அவற்றில் எதுவும் இல்லை.

இனி வீட்டுக் கதை. நான் என் அத்தை மகனைத்தான் திருமணம் செய்துகொண்டேன். பிள்ளைக்கு உடம்புக்கு வந்த நாளிலிருந்து, "சொந்தத்தில் கட்டினீர்கள், அதுதான்" என்று சொல்லாதவர் இல்லை. மருத்துவமனைகளிலும் முதல் கேள்வி அதுவாகவே இருந்தது. இந்தச் சம்பந்தத்தைப் பேசி முடித்தவர் அத்தை. இரண்டு ஆண்டுகளாக அந்தப் பழியை வாய் திறக்காமல் சுமந்தார். திருவந்திபுரத்துக்கு மொட்டை வேண்டிக்கொண்டு, தன் தலைமுடியையே முதலில் கொடுத்தார்.

புதுச்சேரி டாக்டர் ஒரு தாளில் வட்டமும் சதுரமுமாகக் குடும்பப் படம் வரைந்தார். "உங்கள் அம்மா வழியில் சின்ன வயதில் இறந்துபோன ஆண் பிள்ளைகள் உண்டா?" என்று கேட்டார். எனக்கு ஒரு தம்பி இருந்தான். 1996-இல் இரண்டு வயதில் மூளைக்காய்ச்சல் என்று சொல்லி இறந்துபோனான். அம்மாவின் அண்ணன் ஒருவரும் குழந்தையிலேயே போய்விட்டார் என்று பாட்டி சொல்லிக் கேட்டிருக்கிறேன். டாக்டர் அந்த இரண்டு சதுரங்களுக்கும் மை தீட்டினார். பி.டி.கே. மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. ஆண் பிள்ளைக்கு எக்ஸ் ஒன்றுதான், அது தாயிடமிருந்து வருவது. "இதற்கும் நீங்கள் சொந்தத்தில் திருமணம் செய்ததற்கும் சம்பந்தமே இல்லை. யாரை மணந்திருந்தாலும் இப்படித்தான்" என்றார். அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். அவர் தோளிலிருந்து இறங்கிய சுமை அந்த நிமிடமே என் தோளுக்கு மாறியது. நான்தானே கொடுத்திருக்கிறேன்?

அடுத்த முறை என் ரத்தத்தையும் எடுத்தார்கள். மோனோசைட் என்ற வெள்ளணுக்களில் பி.டி.கே. புரதம் எவ்வளவு இருக்கிறது என்று அளக்கும் சோதனை. அந்தத் தாளிலுள்ள படத்தில் புரதம் இல்லாத செல்கள் இடப்பக்கமும் உள்ளவை வலப்பக்கமும் வரும், செல்கள் அதிகமுள்ள இடத்தில் கோடு குன்றுபோல உயரும். மகனுடைய படத்தில் இடது ஓரத்தில் ஒரே ஒரு குன்று இருந்தது, அதாவது புரதம் இல்லை. என் கணவருடையது வலப்பக்கம் ஒரே குன்று. என்னுடையதில் இரண்டு குன்றுகள் இருந்தன. இடது பக்கம் ஒன்று, வலது பக்கம் ஒன்று, நடுவில் பள்ளம். என் செல்களில் ஒரு பங்கு என் மகனைப் போலவும் மறுபங்கு என் கணவரைப் போலவும் இருந்தன.

பெண்ணுக்கு எக்ஸ் இரண்டு. கரு மிகச் சிறியதாக இருக்கும்போதே ஒவ்வொரு செல்லும் அந்த இரண்டில் ஒன்றை மூடிவிடுகிறது. எதை மூடுவது என்பதில் ஒழுங்கு எதுவும் இல்லை. ஆனால் ஒருமுறை மூடினால் அந்தச் செல்லின் வம்சம் முழுவதும் அதே எக்ஸ் மூடியே இருக்கும். மேரி லையன் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி 1961-இல் சொன்னது இது. எங்கள் கடைவாசலில் கறுப்பும் செம்மஞ்சளும் திட்டுத் திட்டாகப் படர்ந்த பூனை ஒன்று படுத்திருக்கும். அந்தத் திட்டுகளும் இப்படி வந்தவைதான். அப்படிப்பட்ட நிறமுள்ள பூனை கிட்டத்தட்ட எப்போதும் பெண்ணாகவே இருக்கும்.

டாக்டர் இரண்டாவது தாளைக் காட்டினார். அது என் பி செல்களின் படம். அதில் வலப்பக்கம் ஒரே குன்றுதான். இடது குன்று எங்கே என்று கேட்டேன். "பிழையுள்ள எக்ஸ் திறந்திருந்த செல்கள் உங்கள் மஜ்ஜையிலும் பி செல் ஆக முயன்றன. உங்கள் மகனுக்கு எங்கே நின்றதோ அதே இடத்தில் அவையும் நின்றுவிட்டன. நல்ல எக்ஸ் திறந்திருந்தவை மட்டும் வளர்ந்து அந்த இடத்தை நிரப்பின. உங்களுக்கே தெரியாமல் பிறந்ததிலிருந்து இது நடந்துகொண்டிருக்கிறது அம்மா" என்றார்.

அந்தத் தாளை என்னிடம் கொடுங்கள் என்று கேட்டு வாங்கி வந்தேன். என் மகனுக்கு நடப்பது எனக்குள்ளும் நடக்கிறது. எனக்குக் கைகொடுக்க இன்னொரு எக்ஸ் இருந்தது, அவனுக்கு இல்லை. இதில் பாவம் எங்கே வந்தது? அம்மாவிடம் அந்தக் குன்றுகளைக் காட்டினேன். இருபத்தைந்து ஆண்டுகளாகத் தம்பி இறந்ததற்குத் தான் சரியாகக் கவனிக்காததுதான் காரணம் என்று நினைத்துக்கொண்டிருந்தவர் அவர். அன்றுதான் முதன்முறையாக அவன் பெயரைச் சொல்லி, அவன் எப்படிச் சிரிப்பான் என்று எங்களிடம் பேசினார்.

சிகிச்சை என்பது நான்கு வாரத்துக்கு ஒருமுறை இம்யூனோகுளோபுலின். ஆயிரக்கணக்கானோர் கொடுத்த பிளாஸ்மாவிலிருந்து பிரித்தெடுத்தது. உடல் எடையில் கிலோவுக்கு 400 முதல் 600 மில்லிகிராம் கணக்கு, ரத்த நாளம் வழியாக மிக மெதுவாக ஏற்ற வேண்டும். அவசரப்படுத்தினால் நடுக்கமும் தலைவலியும் வரும். முதல் மணி நேரத்தில் சொட்டு வேகத்தை யாராவது கூட்ட வந்தால் டாக்டரிடம் கேட்டுவிட்டுக் கூட்டச் சொல்லுங்கள். ஒவ்வொரு முறையும் மருந்தின் நிறுவனம், தொகுப்பு எண், வேகம் மூன்றையும் என் அளவு நோட்டின் பின்பக்கத்தில் எழுதிவைக்கிறேன். மருந்து விலை அதிகம். 2021-இல் வந்த தேசிய அரிய நோய்கள் கொள்கையில் பிறவி நோய் எதிர்ப்புக் குறைபாடுகளும் இடம்பெற்றிருக்கின்றன. மருத்துவமனையின் சமூகப் பணியாளரிடம் முதல் நாளே அதைப் பற்றிப் பேசுங்கள்.

ஏற்றிய எதிர்ப்பொருள் ரத்தத்தில் மூன்று வாரத்தில் பாதியாகக் குறைந்துவிடும். இதன் பொருள் எங்களுக்குப் புரிந்தது 2024 நவம்பர் 30-இல் ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது. அதற்கடுத்த சில நாட்களில்தான் மகனுக்கு முறை. பெண்ணையாற்றில் வெள்ளம், புதுச்சேரிக்குப் பஸ் இல்லை. ஆறு நாள் தள்ளிப் போனோம், அதற்குள் காதில் சீழ் வந்துவிட்டது. அதிலிருந்து ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் டாக்டரிடம் கேட்டு முறையைச் சில நாட்கள் முன்கூட்டியே வைத்துக்கொள்கிறோம்.

ரத்தப் பரிசோதனைகள் விஷயத்தில் மிகவும் கவனம் வேண்டும். காய்ச்சல் என்றால் நம் ஊரில் முதலில் எடுப்பது டைபாய்டுக்கான வைடால், டெங்குவுக்கான எதிர்ப்பொருள் சோதனை. இரண்டுமே உடம்பு தயாரித்த எதிர்ப்பொருளைத் தேடுபவை. தயாரிக்கவே முடியாத பிள்ளைக்கு "இல்லை" என்று வந்தால் அதற்குப் பொருளே கிடையாது. இன்னொரு பக்கம், மருந்து ஏற்றிய பிறகு தானம் கொடுத்தவர்களின் எதிர்ப்பொருள் தெரிந்து, வராத நோயை வந்ததாகக் காட்டவும் கூடும். கிருமியையே தேடும் சோதனைகள்தான் வேண்டும். டெங்குவுக்கு என்.எஸ். 1 அல்லது பி.சி.ஆர்., டைபாய்டுக்கு ரத்தக் கல்ச்சர். இதை டாக்டரிடம் எழுதி வாங்கி லேமினேட் செய்து கோப்பின் முதல் பக்கத்தில் வைத்திருக்கிறேன். இரவில் பணியில் இருக்கும் புதிய மருத்துவரிடம் அதைக் கொடுத்தால் நான் வாதாட வேண்டியதில்லை.

மிகவும் கஷ்டமாக இருந்தது போலியோ சொட்டு மருந்து நாள். சொட்டு மருந்தில் இருப்பது வலுவிழக்கச் செய்த, ஆனால் உயிருள்ள வைரஸ். குடலைத் தாக்கும் அந்த வகை வைரஸ்களை அடக்க எதிர்ப்பொருள் மிகவும் தேவை என்பதால் மகனுக்கு அது ஆகாது. கைக்குழந்தையில் அவன் அதைப் பெற்றிருந்ததால் மலத்தைப் பரிசோதனைக்கு அனுப்பி, வைரஸ் இல்லை என்று தெரிந்த பிறகுதான் டாக்டரே நிம்மதியானார். சொட்டு மருந்து பெற்ற குழந்தையின் மலத்தில் சில வாரம் வைரஸ் வெளியேறும் என்பதால் வீட்டிலிருக்கும் எங்கள் இரண்டாவது குழந்தையான பாப்பாவுக்கும் அது கூடாது, ஊசிதான். முகாம் முடிந்த மறுநாள் வீடு வீடாக வந்தவர்கள் இரண்டு பிள்ளைகளின் சுண்டுவிரலிலும் மை இல்லை என்று பார்த்துவிட்டுக் கோபித்துக்கொண்டார்கள். "படித்தவள், இவளே போட மாட்டேன் என்கிறாளே" என்று தெருவில் பேச்சு. அது எனக்கு மிகவும் வலித்தது. தடுப்பூசியை நான் கொண்டாடுகிறேன். மற்றப் பிள்ளைகள் எல்லோரும் போட்டுக்கொண்டால்தான் என் பிள்ளை பத்திரமாக இருப்பான். டாக்டரின் கடிதத்தை நகலெடுத்துச் சுகாதார செவிலியரிடம் நேரில் போய்க் கொடுத்தேன். அதை முழுவதும் படித்துவிட்டு, "முகாமுக்கு முன்பே சொல்லியிருக்கலாமே அக்கா, பதிவேட்டில் எழுதிவிடுகிறேன்" என்றார். முன்பே சொல்லுங்கள்.

தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆறவைத்தே கொடுக்கிறோம். மருந்தில் வருவது ஜி வகை எதிர்ப்பொருள் மட்டும். மூச்சுக்குழாயின் உட்பரப்பைக் காக்கும் ஏ வகை அதில் இல்லை. அதனால் நுரையீரலைத் தனியாகப் பார்த்துக்கொள்ள வேண்டும். தினமும் காலையில் அத்தைதான் அவனுக்கு மூச்சுப் பயிற்சி செய்யவைக்கிறார். இப்போது இரண்டாம் வகுப்பு படிக்கிறான். ஞாயிற்றுக்கிழமை தேவனாம்பட்டினம் கடற்கரையில் ஓடுகிறான்.

என் தங்கைக்கும் பரிசோதனை செய்தோம். அவளுக்கும் இரண்டு குன்றுகள். வரன் பேசிக்கொண்டிருந்த சமயம். "யாரிடமும் சொல்லாதே" என்றார்கள் பெரியவர்கள். தங்கை கேட்கவில்லை. மாப்பிள்ளையிடம் அவளே பேசினாள். அடுத்த வாரம் அவர் தன் அம்மாவை அழைத்துக்கொண்டு என் கடைக்கு வந்தார். கட்டிங் மேசையில் கறுப்பு லைனிங் துணியை விரித்து, சாக்கால் வட்டமும் சதுரமும் போட்டு விளக்கினேன். பிறக்கும் ஒவ்வொரு மகனுக்கும் இந்த நோய் வரப் பாதிக்குப் பாதி வாய்ப்பு, ஒவ்வொரு மகளுக்கும் என்னைப் போல இருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு என்பதை மறைக்காமல் சொன்னேன். அந்த அம்மா நெடுநேரம் துணியையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "முன்னாலேயே தெரிந்தால் என்ன செய்யலாம், அதைச் சொல்லம்மா" என்றார்.

டாக்டரிடம் கேட்டு எழுதிவைத்திருந்ததை எடுத்துக் கொடுத்தேன். கருவிலேயே மரபணுவைப் பரிசோதிக்க வழி இருக்கிறது, அதற்குக் கர்ப்பம் உறுதியானவுடனே போக வேண்டும். ஆண் குழந்தை பிறந்தால் இம்யூனோகுளோபுலின் ஜி அளவைப் பார்த்து ஏமாறக் கூடாது, அது தாயுடையது. முதல் வாரத்திலேயே பி செல் எண்ணிக்கையைப் பார்க்க வேண்டும். பிறந்தவுடன் கொடுக்கும் போலியோ சொட்டு மருந்தை அந்த முடிவு வரும்வரை நிறுத்திவைக்கச் சொல்லிப் பிரசவ அறைக்குள் போகும் முன்பே எழுதிக் கொடுத்துவிட வேண்டும். அவர் அந்தத் தாளை நான்காக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டார். தை மாதம் திருமணம்.